கரையில் இறங்காதவர்

கப்பலில் முதல் தடவை கண் விழித்தபோது நான் எங்கே கிடக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டில் மெல்ல அசைந்தது. திரைச்சேலை ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. மேலே, வெள்ளைக் கூரையில், தண்ணீரின் வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பில், செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு அறையிலும் மார்கழி மழைக்கு முற்றத்தில் வெள்ளம் நிற்கும் நாட்களில் இப்படித்தான் கூரையில் வெளிச்சம் ஓடும். வாவி ஏறி வாசலுக்கு வந்துவிட்டது, அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைக்க வேண்டும் என்று அரைத் தூக்கத்தில் எழும்பப் பார்த்தேன். பக்கத்தில் என் கணவர் கண்ணைத் திறந்தபடி கிடந்தார்.

"கப்பல் இது," என்றார். "மகள் ஏத்திவிட்ட கப்பல். படு புள்ள."

மகள் சிட்னியில் இருக்கிறாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். மூன்று மாத விசாவில் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் கல்யாணத்துக்கு முப்பத்தைந்து வருடம் நிறைந்ததற்கு அவளும் மருமகனும் தந்த பரிசு இந்தக் கப்பல். எட்டு நாள் பசுபிக் தீவுகள் பக்கம் போய்த் திரும்பி வரும். சாப்பாடு, குடிவகை, ஆட்டம், பாட்டு, நீச்சல் குளம் எல்லாம் டிக்கெட்டுக்குள்ளேயே அடக்கம். "நீங்க ரெண்டு பேரும் ஒண்டும் செய்யவேணா. என்ன வேணுமெண்டு மட்டும் சொன்னாக் காணும்," என்று சொல்லித்தான் அனுப்பினாள். கேட்க எவ்வளவு லேசான வேலை!

அனுப்பும்போது என் கைப்பைக்குள் ஒரு படிவத்தையும் வைத்தாள். நாங்கள் நிரந்தரமாக அவளோடு வந்து இருப்பதற்கான விண்ணப்பம். இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் அவள் கேட்பாள். நானும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: "அப்பா வரமாட்டார் மகள். ஆத்தை விட்டுட்டு இரிக்க அவருக்கு ஏலா." அவர் அந்த நேரம் எனக்குப் பக்கத்தில், போனில் முகம் விழாத தூரத்தில், கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் திறக்கமாட்டார். சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் படிப்பித்தவளுக்கு, வாய் திறக்காத பிள்ளையின் பதிலையும் தானே சொல்லிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது.

"வரக்குள்ள முடிவைச் சொல்லுங்க அம்மா. ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி. இனி நான் கேக்கமாட்டன்," என்றாள் துறைமுகத்தில். கடைசி வசனத்தில் அவள் குரல் தழுதழுத்துப் போயிற்று. இனிக் கேட்கமாட்டாள் என்றால் உண்மையாகவே கேட்கமாட்டாள். என் வயிற்றில் பிறந்தவள், என் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டுதான் நான் அந்த வெள்ளைக் கட்டிலில் மறுபடி கண்ணை மூடினேன்.

என் கணவர் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு, எங்கள் பேச்சில் ஆறு, இரண்டு கரை. கடல் பக்கத்தில், சூரியன் எழும்பும் கரை எழுவான்கரை. வயல் பக்கத்தில், சூரியன் படும் கரை படுவான்கரை. நான் எழுவான்கரைக்காரி, அவர் படுவான்கரை. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இரண்டு கரைக்கும் நடுவே போய்வரும், இயந்திரம் பூட்டிய தட்டையான மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். முப்பத்தொரு வருடம் அதை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

எனக்கு முதல் நியமனம் படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில். ஆங்கிலம் படிப்பிக்கத் தினமும் அந்தப் பாதையில்தான் போய்வந்தேன். பெண்கள் ஏறும்போது அவர் கையை நீட்டமாட்டார். நீளத் தடி ஒன்றின் நுனியை நீட்டுவார். அதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மூன்றாம் தவணை முடிவதற்குள் தடியின் மறு நுனியில் நிற்கிற ஆளை நான் நன்றாகவே பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அவரும் ஒரு பையோடு வந்தார். அதற்குள் மூன்று சாறனும் நாலு சேட்டும் ஒரு சின்ன றேடியோவும் இருந்தன. அவர் பிறந்த வீடு வழக்கப்படி அவருடைய அக்காவுக்குப் போயிற்று. என் தாய் எனக்கு எழுதித் தந்த வீட்டை மகளின் கல்யாணத்தில் மகளுக்கு எழுதினோம். அவளும் மருமகனும் சிட்னிக்குப் போய்விட, நாங்கள் அவளுடைய வீட்டுக்குக் காவலாக இருக்கிறோம். இதையெல்லாம் நான் ஒருநாளும் இருந்து யோசித்ததில்லை. சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று யார்தான் யோசிப்பார்கள்?

கப்பலில் நேரம் வேறு மாதிரி ஓடியது. ஓடியது என்பதுகூடப் பிழை, நேரம் கரைந்தது. காலையில் மேல்மாடியில் சாய்கதிரையில் படுத்தால், கடல் ஒன்று, வானம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போவேன். விழித்தால் அதே கோடு. பத்து நிமிடமா, இரண்டு மணித்தியாலமா என்று தெரியாது. யாரோ ஒருவர் வந்து ஈரத் துவாயை எடுத்துக்கொண்டு போய் உலர்ந்ததை வைத்திருப்பார். எங்கிருந்தோ ஒரு பெண் மெல்லிய குரலில் பாடுவது கேட்கும். அந்தப் பாட்டு எனக்குள் புகுந்து, களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் காத்திருக்கும் ஒரு மத்தியானமாக மாறிவிடும். வீட்டில் அடுப்பு எரியவில்லை, முற்றம் கூட்டவில்லை, கோழிகளுக்குத் தவிடு வைக்கவில்லை என்று மனம் ஒருதரம் பதறும். பிறகு அந்தப் பதற்றமும் கரைந்து போகும். கப்பல் போகிறது என்பதே தெரியாது. ஏதோ எங்களை அப்படியே வைத்துவிட்டுக் கடலை யாரோ பின்னுக்கு இழுத்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது.

என் கணவர் மட்டும் தூங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பார். இயந்திரச் சத்தம் மாறும்போதெல்லாம் தலையைச் சரிப்பார்.

முதல் நாள் பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் மேசைக்குப் பரிமாற வந்தது பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி. ஐம்பது வயது மதிக்கலாம். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சின்னக் கொப்பி. என்னிடம் கேட்டாள், சொன்னேன். "சேர் என்ன சாப்பிடுகிறார்?" என்றாள்.

"அவருக்கு மீன்," என்றேன்.

அவள் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சேர்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலம் படிப்பித்தவள், அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அதனால்தான் நான் சொல்கிறேன் என்று விளக்கினேன். அவள் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். மீன் வந்தது. அடுத்த நாளும் அவள்தான் வந்தாள், அதே கேள்வி, அதே காத்திருப்பு. இந்த முறை அவர் தமிழில், "எனக்கு எதெண்டாலும் சரி," என்றார். நான் மொழிபெயர்த்தேன். "அப்படி ஒரு சாப்பாடு எங்கள் அட்டையில் இல்லையே," என்றாள் அவள் வெகு பணிவாக. எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒரு மனிதனுக்கு என்ன பிடிக்கும் என்று அவன் பெண்சாதியைவிட இவளுக்கு அதிகம் தெரியுமா? மீன் என்று நானே இரண்டாவது தடவையும் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். அட்டையை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டு முடித்துப் போய்விட்டார்கள். அந்தப் பெண் அசையவில்லை. கடைசியில் விரல் ஒரு இடத்தில் நின்றது. பூசணிக்காய் சூப்.

"மீன்?" என்றேன்.

"மீன் வேணா."

"ஏன், வயித்துக்குச் சரியில்லையா?"

"வயிறு நல்லாத்தான் இரிக்கு. எனக்கு மீன் அவ்வளவு விருப்பமில்ல."

"எப்ப தொடக்கம்?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "சின்ன வயசில இருந்து."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். முப்பத்தைந்து வருடம். வாவியில் பிடித்த திரளியும் ஓராவும் விடியற்காலையில் துடிக்கத் துடிக்க வாங்கி, கழுவி, புளி விட்டுக் காய்ச்சி, தலைத்துண்டை அவருக்கென்று எடுத்து வைத்து, காய்ச்சல் கிடந்த நாட்களில் முள்ளெடுத்துக் கொடுத்து... எத்தனை மீன் இருக்கும்? கணக்குப் பார்த்தால் ஒரு கப்பல் நிறையும்.

"ஏன் சொல்லல்ல?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"நீ ஆசையா ஆக்கித் தந்தாய். தின்ன ஏலாத சாமானா? தின்னலாம்தானே."

"அப்ப உங்க வீட்டில என்னத்தைத் தின்டு வளந்தீங்க?"

"பூசணிக்காய். பருப்பு. கீரை. எருமத் தயிர். நாங்க வயல்காரர்தானே புள்ள."

சூப் வந்தது. அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏமாற்றப்பட்டது நான்தான் என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன்.

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. காலையில் பத்து நிமிடம் நின்று பழரசம் தெரிவு செய்தார். மஞ்சள் கேக்கா, கறுப்புக் கேக்கா என்று யோசித்தார். வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் வா என்றால் வராமல், "இன்னும் கொஞ்சம் கிடந்துட்டு வாறன்," என்றார். ஆவிக்குள் அவர் தலை மட்டும் தெரிந்தது. அது யாரோ ஒரு ஆளின் தலை போலவும் இருந்தது. என் வீட்டில் இத்தனை வருடம் இருந்த ஒருவர் மெல்ல மெல்ல விலகி மிதந்து போகிறார் என்று தோன்றியது. சொல்ல வெட்கம்தான், ஆனால் எனக்குப் பயமாக இருந்தது.

நாலாம் நாள் ஒரு பட்டினத்தில் கப்பலைக் கட்டினார்கள். பிரெஞ்சு பேசுகிற ஊர். எல்லாரும் தொப்பியும் கமராவுமாக இறங்கினார்கள். இவர் படிக்கட்டு வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

"நீ போய்ட்டு வா. நான் நிக்கிறன்."

"என்னத்துக்கு நிக்கிறீங்க?"

"ஆக்கள் எல்லாம் கரையில. வள்ளத்தை விட்டுட்டு எங்க போறது?"

"இது உங்கட பாதை இல்ல! இதுக்குக் கப்டன் இரிக்கான். ஆயிரம் பேர் வேலை செய்யிறாங்க!"

கேட்டால்தானே. நான் கோபத்தில் தனியாக இறங்கிப் போனேன். அந்த ஊரில் ஒரு தேவாலயம் இருந்தது, மரங்கள் நிறையச் சிவப்பாகப் பூத்திருந்தன, அதற்கு மேல் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே பார்த்தேன். உயரத்தில், கம்பிக்குப் பின்னால், வெள்ளைச் சேட்டோடு அவர் நின்றார். நான் ஏறி வந்ததும், "எல்லாரும் வந்திட்டாங்க. ஒரு சிவப்புத் தொப்பிக்காரன்தான் இன்னும் இல்ல," என்றார். ஆயிரக்கணக்கான சனத்தில் அவருக்கு ஒரு தொப்பிக்காரனைப் பற்றிக் கவலை! கோபத்தோடேயே சிரித்துவிட்டேன். அந்தத் தொப்பிக்காரன் ஓடி வந்து ஏறிய பிறகுதான் அவர் சாப்பிட வந்தார்.

ஆறாம் நாள் ஒரு சின்னத் தீவு. அங்கே துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்க, சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய்க் கரையில் விட்டார்கள். படகைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது எங்கட சாமான்தான்," என்று எனக்கு முன்னால் ஏறினார். கரைக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே எழுந்து, பலகைக்குப் பக்கத்தில் காலை அகட்டி நின்று, வயதான வெள்ளைக்காரிகளை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"எங்களுக்குத் தடி, அவங்களுக்குக் கையா?" என்றேன் என் முறை வந்தபோது.

"அப்ப எனக்குப் பயம்," என்றார்.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி படகிலேயே நின்றார். படகோட்டி ஏதோ சொன்னான். நீங்களும் இறங்கலாம் என்று கையைக் காட்டினான். இவர் கரையிலிருந்து நீட்டிக் கட்டியிருந்த மரப் பாலத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். தரையில் கால் வைத்ததும் ஒரு கணம் தடுமாறி நின்றார்.

தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளைந்து நிற்க, உள்ளே தண்ணீர் அலையில்லாமல், வெளிறிய பச்சை நிறத்தில் கிடந்தது. எங்கள் வாவியின் நிறம் இல்லை அது. ஆனால் அந்த அசையாமை எங்களுடையதுதான். தென்னை நிழலில் இருந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டோம். சின்ன மீன்கள் வந்து காலை முகர்ந்துவிட்டுப் போயின. வெயில் இலைகளுக்குள்ளால் வந்து மடியில் விழுந்தது. எனக்கு மறுபடி அந்த அரைத் தூக்கம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ வருடமாக இங்கேயே இருக்கிறோம், இனியும் இருப்போம் என்பது போல ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில்தான் கேட்டேன். விழிப்பாக இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன்.

"படுவான்கரையில பாதையைக் கட்டினா, நீங்க இறங்கமாட்டீங்களா?"

"எங்க இறங்கிற? அஞ்சு நிமிசம் நிப்பாட்டுவம். ஆக்கள் ஏறினா எடுத்துருவம்."

"உங்க வீடு துறையில இருந்து தெரியும்தானே."

"கூரை தெரியும். அக்கா துணி கழுவ வாற மாதிரி வருவா. கரையில நிண்டு கதைப்பா. நான் பாதையில நிண்டு கதைப்பன். கல்யாணம், செத்தவீடு எண்டு நீயும் நானும் போனம்தானே. அது விருந்தாளி மாதிரி."

எனக்கு ஒரு பழைய கோபம் நினைவுக்கு வந்தது. மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது இவருக்கு எழுவான்கரையிலேயே, பாதை நடத்துகிற அலுவலகக் களஞ்சியத்தில் வேலை தருகிறோம் என்றார்கள். நிழலில் இருக்கிற வேலை, கூடின சம்பளம். வேண்டாம் என்றுவிட்டார். முன்னேறத் தெரியாத மனிதன் என்று நான் ஏசினேன். ஒரு தரமல்ல, வருடக்கணக்காக, சொந்தக்காரர் முன்னிலையிலும் ஏசியிருக்கிறேன்.

"களஞ்சிய வேலையை ஏன் வேணாமெண்டீங்க?"

"அது உங்கட கரையில. பாதையெண்டா ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது எங்கட கரையை முட்டலாம்."

சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வரும் என்று சொல்வது போல. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதன் தன் வீட்டை விட்டு என் வீட்டுக்கு வந்தான் என்பது முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லையே. மாப்பிள்ளை வருவது வழக்கம், வந்தார், அவ்வளவுதான் என் நினைப்பு. வந்தவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

உடனே எனக்குள் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு பாசம் வைத்தவர் மட்டக்களப்பை விட்டு வருவாரா? நான் மகளுக்குச் சொன்னது உண்மையாகிவிட்டதே! "அப்ப மகளிட்ட வரேலா எண்டு சொல்லிருவம்," என்றேன் அவசரமாக.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் நான் பேச்சை முடித்துவிடுவேன். அன்றைக்கு முடிக்கவில்லை. "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எங்க இரிக்க விருப்பம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டமான வேலை அது! ஒரு மேகம் வந்து தண்ணீரைச் சாம்பலாக்கிவிட்டுப் போயிற்று. தண்ணீர் மறுபடி பச்சையானது.

"எனக்குப் போக விருப்பம்," என்றார். "மகளோட இரிக்க விருப்பம். போற இடத்தில இறங்கிப் பாக்க விருப்பம்."

"அப்ப நான் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருக்காலும் அவளிட்டச் சொல்லக்குள்ள..."

"கேட்டுக்கொண்டுதான் இரிந்தன்."

"ஏன் இல்லையெண்டு சொல்லல்ல?"

"உனக்குப் போகப் பயம். அதை மகளிட்டச் சொல்ல உனக்கு ஏலா. என்ட பேரில சொன்னா உனக்குச் சுகமெண்டு விட்டன்."

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நான் பிறந்தது அந்த வீட்டில், பெரியவளானது அந்த வீட்டில், கல்யாணம் முடித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அதே வீட்டில். வேறொரு வீட்டில் எழும்பி, அடுப்பு எங்கே, உப்பு எங்கே என்று தேடியதே இல்லை. மகளின் குசினியில் நான் யார்? கேட்டுக் கேட்டு எடுப்பவளா? அந்தப் பயத்தை ஆறு என்றும் அப்பா என்றும் பெயர் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே அவள் என் பொய்யை நம்பித் தகப்பன் மேல் மனக்குறையோடு இருந்திருக்கிறாள்.

"நீங்க எங்க வீட்டுக்கு வந்த நேரம் பயமா இரிந்ததா?" என்று கேட்டேன்.

"மூணு மாசம் இரிந்தது. கிணத்தடி எந்தப் பக்கமெண்டு தெரியாமத் தடுமாறுவன். உன்ட அம்மாவிட்டக் கேக்க வெக்கம்." காலால் தண்ணீரை அளைந்தார். "மறுகா சரியாய்ட்டு."

திரும்பும் இரண்டு நாளும் கடல் எண்ணெய் பூசியது போலக் கிடந்தது. நான் சாய்கதிரையில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சிட்னியில் மகள் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். குசினி, குளியலறை, பின் வளவு. எங்கள் வீட்டையும் நடந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்க் குழம்பின. சிட்னி வீட்டுக் கதவைத் திறந்தால் செட்டிபாளையத்துக் கிணறு வந்தது. படிவம் கைப்பைக்குள் இருந்தது. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. தான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்பது போல அவர் முதல் தடவையாக மேல்மாடியில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மகள் துறைமுகத்தில் காத்துக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடித்தாள், கறுத்துவிட்டோம் என்றாள். பெட்டிகளைக் காரில் ஏற்றி முடிந்ததும் என்னிடம்தான் கேட்டாள், அவரிடம் அல்ல. நான் பழக்கிய பழக்கம். "அப்பா என்ன சொல்றார் அம்மா?"

"அப்பாவுக்கு வர விருப்பம்," என்றேன். "எப்பவும் விருப்பம்தான். ரெண்டு வருசமா நான் அவரிட்டக் கேக்கவே இல்ல மகள். வரப் பயந்தது நான்."

அவள் என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம். காரின் கதவில் சாய்ந்துகொண்டு, சின்னப் பிள்ளையில் அழுவது போலச் சத்தம் போட்டு அழுதாள். "அப்பாக்கு என்னில விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சனே," என்றாள் அழுகைக்கு நடுவில். அந்த வசனத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

படிவத்தை எடுத்துக் காரின் முன்பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதினார். பேனாவை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். கை ஓடவில்லை. எங்கள் வீட்டு முன் கதவும், அதன் தாழ்ப்பாளும், அதைத் தூக்கிப் போடும்போது வரும் சத்தமும் அப்படியே காதுக்குள் நின்றன. கார்கள் பின்னால் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மெல்லப் படிவத்தை எடுத்து இரண்டாக மடித்தார். "விடு புள்ள. உனக்கு ஏலாட்டி நானும் வரல்ல. நாங்க ஊரிலயே இரிப்பம். எனக்கு ஒண்டுமில்ல," என்றார்.

எவ்வளவு லேசாக மடித்தார்! கை அதற்குப் பழகிப் போயிருந்தது. எனக்குத் தெரியாமல் இந்த மனிதன் என் முன்னாலேயே இருந்து எத்தனை எத்தனையை இப்படி மடித்து வைத்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அவர் மேலா, என் மேலா என்று இன்றுவரை தெரியாது. படிவத்தைப் பறித்தேன். விரித்து, அமத்திப் பிடித்து, கையெழுத்தைப் போட்டேன். போட்ட வேகத்தில் பேனா கடதாசியைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்குப் போய் மகள் புதுப் படிவம் ஒன்று அச்சடித்துக் கொண்டு வந்தாள். இந்தத் தரம் அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்டேன்.